தாய்வீட்டுக்கு வந்த சுற்றுலாப் பயணி

ஊரார் வீட்டுப் பிறந்த தேதிகளையெல்லாம் மனப்பாடமாக வைத்துக்கொண்டு, சொந்தக் கல்யாண நாளை மறந்துபோய் வீட்டில் திட்டு வாங்குகிற தொழில் என்னுடையது. சென்னைக்குப் பக்கத்தில் படூரில் ஆன்லைன் விண்ணப்பக் கடை வைத்திருக்கிறேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஒரு பிரிண்டர், கோபம் வந்தால் அடக்கத் தெரியாத நான். கடை இவ்வளவுதான். தெருவில் எல்லோருக்கும் நான் ‘ஆன்லைன் அக்கா’.

முக்கால் மணி நேரம் கட்டம் கட்டமாக நிரப்பி, ஓ.டி.பி. வருவதற்குள் பக்கமே காணாமல் போய், மறுபடி முதலிலிருந்து ‘பெயர்’ என்று ஆரம்பித்தவரா நீங்கள்? அப்படியானால் நாமெல்லாம் ஒரே கட்சி. உங்களிடம் மனம்விட்டுப் பேசலாம்.

பட்டா, பாஸ்போர்ட், வருமானச் சான்றிதழ் எல்லாம் பழகிப்போன வேலை. என்னைப் பாடாய்ப் படுத்துவது வெளிநாட்டில் பிறந்த குழந்தைகளின் விண்ணப்பம்தான். அப்பா அம்மா இரண்டு பேரும் இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பார்கள். அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை மட்டும் வாங்கியிருப்பார்கள். அதை ‘பி.ஆர்.’ என்பார்கள். ஆஸ்திரேலியா மாதிரி நாட்டில், பி.ஆர். வைத்திருக்கிறவர்களுக்குப் பிள்ளை பிறந்தால், அது கண்ணைத் திறக்கும்போதே அந்த நாட்டுக் குடிமகன். பெற்றவர்கள் வருஷக்கணக்காக வரிசையில் நிற்க, பிள்ளை பிறந்த அன்றைக்கே உள்ளே போய்விடும். வினை ஆரம்பிப்பது, எல்லோருமாக ஊருக்குத் திரும்பி வரும்போது.

ஒரு குடும்பம், இரண்டு வரிசை

எங்கள் தெருக்கோடி அடுக்குமாடியிலிருந்து சுந்தர் என்பவர் வந்தார். ஐ.டி. கம்பெனிக்காரர். மகனுக்கு ஓ.சி.ஐ. அட்டை வேண்டும். வெளிநாட்டுக் குடிமகனாக இருந்தாலும் ஆயுசு முழுக்க இங்கே வரலாம், இருக்கலாம் என்று சொல்லும் அட்டை அது. ஓட்டு, சர்க்கார் வேலை மாதிரி சிலது மட்டும் கிடையாது. நான் நிரப்பிக்கொண்டே வந்தேன். தகப்பன் நாடு இந்தியா, தாய் நாடு இந்தியா, பிள்ளை நாடு ஆஸ்திரேலியா. மனிதர் திரையைப் பார்த்துவிட்டு, நான் ஏதோ தப்பாகத் தட்டிவிட்டேன் என்று சண்டைக்கு வந்தார்.

“பிறந்த ஒரு வருஷத்துக்குள் அங்கே இருக்கிற நம்ம தூதரகத்தில் பதிந்து, குழந்தைக்கு வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தால் அவன் இந்தியன். பதிந்தீர்களா?” என்று கேட்டேன். காதுகுத்துக்குக் குலதெய்வம் கோயிலில் நாள் குறித்துவிட்டார்களாம். எந்த பாஸ்போர்ட் சீக்கிரம் கிடைக்குமோ அதை வாங்கிக்கொண்டு விமானம் ஏறிவிட்டார்களாம். சென்னையில் இறங்கினால் இவர்களுக்கு ஒரு வரிசை, இடுப்பில் இருந்த பிள்ளைக்கு இன்னொரு வரிசை. யார் எந்த வரிசையில் நிற்பது என்று புருஷனும் பெண்டாட்டியும் அங்கேயே வாய்த்தகராறு செய்திருக்கிறார்கள். நான் சட்டத்தை இரண்டு தடவை விளக்கினேன். அவர் மூன்றாவது தடவையும் அதே கேள்வியைத்தான் கேட்டார்.

“நான் அவன் அப்பன் மேடம், எனக்கே தெரியாம அவன் எப்ப வெளிநாட்டுக்காரன் ஆனான்?”

வந்த நோக்கம்

சுந்தர் விஷயம் எளிது. அவருக்கு அவசரமில்லை, வந்தார், சிரித்தோம், முடிந்தது. கஸ்தூரி வந்தபோதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது.

கஸ்தூரி ஒரு நர்ஸ். நெம்மேலிக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்துப் பெண். படித்து, பரீட்சை எழுதி, ஆஸ்திரேலியா போய்ப் பத்து வருஷம் வேலை பார்த்தவள். புருஷன் பார்த்திபன் அங்கே ஒரு பட்டறையில் வெல்டர். இருவருக்கும் பி.ஆர். உண்டு, கையில் இருப்பது இந்திய பாஸ்போர்ட். மகள் தியாவுக்கு ஐந்து வயது. கஸ்தூரிக்குக் கேளம்பாக்கம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நல்ல வேலை கிடைத்தது. மகளுடன் முன்னால் வந்துவிட்டாள். புருஷன் அடுத்த வருஷம் வேலை ஒப்பந்தம் முடிந்ததும் வருகிறான். இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். “அங்க ஏதாவது பிரச்சினையா?” என்று கேட்கிறார்கள். ஒருத்தி சொந்த ஊரில் இருக்க ஆசைப்படுவதற்குக் காரணம் வேறு வேண்டுமா? கேட்கிற எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

தியா வந்தது சுற்றுலா விசாவில். அந்த விசாவில் ஒரே மூச்சாக நூற்றெண்பது நாளுக்கு மேல் இங்கே இருக்கக் கூடாது. என்னிடம் வந்தபோது மிச்சம் எண்பது நாள். அதற்குள் சுற்றுலா அனுமதியை இங்கே தங்கும் அனுமதியாக மாற்ற வேண்டும், பிறகு அட்டைக்குப் போட வேண்டும். மாற்றாவிட்டால் ஐந்து வயதுக் குழந்தை நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அது தனியாகப் போகுமா? அம்மாவும் வேலையை விட்டுவிட்டுக் கூடவே போக வேண்டும். விண்ணப்பத்தில் ‘வந்த நோக்கம்’ என்ற இடத்தில் ‘சுற்றுலா’ என்று இருந்ததைக் கஸ்தூரி விரலால் தொட்டுப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நகர்த்தினேன். அவள் அழவில்லை.

“அங்க அவ வீட்டுக்காரி, நான் விருந்தாளி. இங்க நான் வீட்டுக்காரி, அவ விருந்தாளி. ரெண்டு பேரும் ஒரே வீட்ல வீட்டுக்காரியா இருக்குறதுக்கு எந்த ஃபாரம்னு சொல்லுக்கா, போடலாம்.”

எத்தனை நட்சத்திரம்?

முதல் வேலை சி-ஃபாரம். வெளிநாட்டுக்காரர் யார் வீட்டில் தங்கினாலும், தங்கவைக்கிறவர் இருபத்து நாலு மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். மாமல்லபுரத்திலும் கோவளத்திலும் அலைச்சறுக்கு விளையாட வருகிற வெள்ளைக்காரர்களுக்கு அறை விடுகிறவர்கள் எனக்குப் பழைய வாடிக்கை. அவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புவேன். ஆனால் குப்பத்தில் தன் அக்கா மகளைத் தங்கவைத்திருக்கும் ஒரு மனுஷனுக்கு அதை நிரப்பியதில்லை.

வீடு கஸ்தூரியின் தம்பி தேசிங்கு பேரில் இருந்தது. ஃபைபர் படகு வைத்திருக்கிறவன். கடலுக்குப் போய்விட்டு, மீனை ஏலத்தில் விட்டுவிட்டு, அந்த வாசனையோடே நேராகக் கடைக்கு வந்தான். கம்ப்யூட்டர் கேட்கக் கேட்க நான் வாசித்தேன். விடுதியின் பெயர்? யோசிக்காமல் “தாய்மாமன் வூடு” என்றான். அப்படியே அடித்தேன். அறைகள் எத்தனை? ஒன்று, வலை போட்டுவைக்கிற தாழ்வாரத்தைச் சேர்த்தால் ஒன்றரை. எத்தனை நட்சத்திரம்? இதைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. ‘எதுவும் இல்லை’ என்று போடலாம் என்றேன். “அது எப்படிக்கா இல்லன்னு போடுவ? போன வருசம்தான் டைல்ஸ் போட்டேன்” என்று சண்டை பிடித்தான். கடைசியில் இல்லை என்றுதான் போட்டேன். நூறு நாள் தாமதத்துக்கு மன்னிப்புக் கடிதமும் சேர்த்தேன். அச்சடித்த தாளை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“பாப்பாவ எங்க வூட்டு கெஸ்ட்டுன்னு எழுதிக்கினு கீறியேக்கா, நாளைக்கு அது ஸ்கூலுக்குக் கெளம்பும்போது நான் ரூம் சாவிய வாங்கி வச்சிக்கணுமா?”

அப்பன் போட்ட கையெழுத்து

சின்னப் பிள்ளைக்கு விண்ணப்பம் போட்டால் தாய் தகப்பன் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அசல் கையெழுத்து. தாளை பார்த்திபனுக்கு மெயிலில் அனுப்பி, அவன் அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, கூரியரில் திருப்பி அனுப்புவதற்குப் பதினெட்டு நாள் ஆனது. உறையைப் பிரித்தால், மனுஷன் காலியாக ஒரு இடத்தையும் விட்டுவைக்கவில்லை. தகப்பன் இடத்தில் கையெழுத்து, சாட்சி இடத்தில் கையெழுத்து, குழந்தை கையெழுத்துப் போடும் பெட்டியிலும் அவனே. பக்கத்திற்குப் பக்கம் வஞ்சனை இல்லாமல் போட்டிருந்தான்.

இத்தனைக்கும் தியா எழுதுவாள். என் கடைக் காலண்டரின் பின்பக்கம் முழுக்கத் தன் பெயரை எழுதி நிரப்பியவள். பெட்டிக்குள் அடங்காது, அவ்வளவுதான் குறை. அதற்காகப் பெட்டிக்குள் எழுத இரண்டு நாளாகப் பயிற்சி வேறு எடுத்திருந்தாள். தன் பெட்டியில் அப்பாவே எழுதிவிட்டார் என்றதும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தாள். நான் போனை ஸ்பீக்கரில் போட்டு, பார்த்திபனை ஒரு பிடி பிடித்தேன். மறுபடி பதினெட்டு நாள். மிச்சமிருந்த நாளில் பாதி கூரியரிலேயே போயிற்று. அவன் குரலில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

“பொறந்ததுல இருந்து அவளுக்காக எல்லா எடத்துலயும் நான்தானக்கா கையெழுத்துப் போட்டேன், இப்ப மட்டும் ஏன் வேணாங்குறாங்க?”

தலைப்பிரசவம்

விண்ணப்பம் ஒருவழியாக உள்ளே போனது. விசாரணைக்கு ஆள் வருவார்கள், வீட்டில் இருங்கள் என்று சொல்லியனுப்பினேன். வந்தார்கள். கஸ்தூரி டியூட்டியில் இருந்தாள், தேசிங்கு மட்டும் தாழ்வாரத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். “இந்தக் குழந்தைக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டிருக்கிறார்கள். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. விறுவிறுவென்று உள்ளே போய், லேமினேஷன் போட்ட ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறான். தியாவின் பிறப்புச் சான்றிதழ். பிறந்த இடம், அந்தக் குப்பம். அதே குழந்தை ஆஸ்திரேலியாவில் பிறந்ததற்கான சான்றிதழ் ஏற்கெனவே ஃபைலில் இருக்கிறது. பத்து நாளில் கடிதம் வந்தது: ஒரே குழந்தை, ஒரே தேதியில், இரண்டு நாடுகளில் பிறந்திருப்பது எப்படி என்று நேரில் வந்து விளக்கவும். மிச்சம் இருபத்திரண்டு நாள்.

தேசிங்கைக் கடைக்கு வரச் சொல்லி, வாசலிலேயே நிறுத்திவைத்துக் கத்தினேன். அவன் சொன்னதைக் கேட்டபிறகு, கத்தியதற்காகக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் எல்லோர் வீட்டிலும் உள்ள வழக்கம். கஸ்தூரிக்கு லீவு கிடைக்காமல் அங்கேயே பிள்ளை பிறந்துவிட்டது. போனில் சேதி வந்த அன்றைக்கே இவன் ஊரெல்லாம் சர்க்கரை கொடுத்து, அம்மன் கோயிலில் பிள்ளை பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்து, தாய்மாமன் முறையெல்லாம் ஆள் இல்லாமலே செய்து முடித்திருக்கிறான். அதே சூட்டில் பிறப்பையும் பதிந்துவிட்டான், வீட்டிலேயே பிறந்ததாக. அடுத்த வீட்டு அஞ்சலையும் ஊர்த் தலைவர் ஏகாம்பரமும் சாட்சி. ஊருக்கே தெரிந்த பொய், ஆனால் ஊரில் ஒருத்தருக்கும் அது பொய்யாகப் படவில்லை.

“தலைப்பிரசவம் அம்மா வூட்லதான். அக்காவால வர முடில, அது வேற. அதுக்குன்னு பாப்பா வேற எங்கியோ பொறந்துச்சுன்னு நானே போயி எழுதுவனா?”

சுலபமான வழி

கூடுவாஞ்சேரியில் இருந்து ஒரு ஆலோசகர் வந்தார். சொந்தக்காரர் யாரோ அனுப்பிவைத்தவர். கையில் இரண்டு போன், வாயில் நாலு அதிகாரிகள் பெயர். கடையில் இருந்த ஒரே நல்ல நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வழி சொன்னார். “அந்த ஆஸ்திரேலியா பாஸ்போர்ட் தொலஞ்சுபோச்சுன்னு விட்ருங்க. குப்பத்து சர்டிபிகேட் ஒரிஜினல் முத்திரை. அத வச்சு இந்திய பாஸ்போர்ட் எடுத்துடலாம். குழந்தை இங்கயே பொறந்தது, எங்கயும் போகல. சிம்பிள்.” பிறகு தேசிங்கைத் திரும்பிப் பார்த்து, உண்மையை எழுதிக் கொடுத்தால் அவன் ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்கும் என்றும் சொல்லிவைத்தார்.

உங்களிடம் மறைப்பானேன், ஒரு நிமிஷம் எனக்கும் சபலம் தட்டியது. இருபது வருஷமாக ஒரு பொய்யைக்கூட நான் டைப் அடித்ததில்லை என்று பெருமை பேசுகிறவள்தான். ஆனால் அன்றைக்குத் தியா என் பிரிண்டர் பக்கத்தில் உட்கார்ந்து, புதுப் பள்ளிக்கூடத்துப் பையில் பென்சிலை உள்ளே வைத்து வெளியே எடுத்து விளையாடிக்கொண்டிருந்தாள். போனால் போகிறது, யாருக்கு என்ன நஷ்டம் என்று தோன்றியது. கஸ்தூரியின் முகத்தைப் பார்த்தேன். அவள் எழுந்து நின்றுவிட்டாள். அவள் கேட்ட கேள்விக்குப் பிறகு, ஆலோசகர் டீ வருவதற்குள் கிளம்பிவிட்டார்.

“பதினெட்டு மணி நேரம் வலியில கெடந்தது நான் சார். எந்த ஊரு ஆஸ்பத்திரின்னு எனக்குத் தெரியாதா? நாளைக்கு அவ பெரியவளாகி, நான் எங்கம்மா பொறந்தேன்னு கேட்டா, பேப்பரப் பாத்துட்டுச் சொல்றேன்னு சொல்லணுமா?”

மூன்று சாட்சிகள்

ஆகவே உண்மையையே எழுதுவது என்று முடிவானது. குப்பத்துச் சான்றிதழ் தவறான தகவலின்பேரில் வாங்கப்பட்டது, அதை ரத்து செய்யுங்கள் என்று மனு. அதில் தேசிங்கு கையெழுத்துப் போட வேண்டும். தகவல் கொடுத்தவன் அவன். இரண்டு நாளாக ஆளைக் காணோம். போன் எடுக்கவில்லை. ஜெயில் பயத்தில் கடலுக்குப் போய்விட்டான் என்று கஸ்தூரி சொன்னாள். அவளுக்குத் தம்பிமேல் கோபமே வரவில்லை, எனக்குத்தான் அவளுக்கும் சேர்த்து வந்தது. மிச்சம் பதினேழு நாள்.

மூன்றாம் நாள் காலையில் கடை வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. தேசிங்கு இறங்கினான். அவன் பின்னால் அஞ்சலை இறங்கினாள், அவள் பின்னால் வெள்ளை வேட்டியில் ஊர்த் தலைவர் ஏகாம்பரம். தேசிங்கு இரண்டு நாளும் கடலுக்குப் போகவே இல்லையாம். சாட்சி போட்டவர்கள் இரண்டு பேர் வீட்டுக்கும் நடந்து, “நான் ஒருத்தன் மட்டும் ஒத்துக்குனா உங்கள மாட்டிவுட்ட மாதிரி ஆயிடும், கேட்டுட்டுதான் போடுவேன்” என்று சொல்லி நின்றிருக்கிறான். அஞ்சலை, “அன்னிக்கும் நான்தான் போட்டேன், இன்னிக்கும் நான்தான் போடுவேன், எங்க போடணும் காட்டு” என்று பேனாவைப் பிடுங்கினாள். தலைவர் மட்டும் உட்கார்ந்து மனுவை முழுதாகப் படித்தார். ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். கடைசி வரியில் நிறுத்தினார். “மேற்படி குழந்தைக்கும் இவ்வூருக்கும் பிறப்பு சம்பந்தம் இல்லை” என்று நான் அலுவலகத் தமிழில் அழகாக அடித்திருந்தேன். அதை எடுக்கச் சொன்னார். ஏன் என்று கேட்டேன்.

“பொய் சொன்னத ஒத்துக்குறோம்மா, கையெழுத்தும் போட்டுடுறோம். ஆனா பாப்பாவுக்கும் ஊருக்கும் சம்பந்தம் இல்லன்னு மட்டும் எழுதாத, அது நாங்க சொன்னதவிட பெரிய பொய்யி.”

எந்த ஊர்?

அந்த வரியை எடுத்துவிட்டு, ‘குழந்தை பிறந்தது ஆஸ்திரேலியாவில், அதன் தாய்வீடு இந்த ஊரில்’ என்று அடித்தேன். சான்றிதழ் ரத்தானது. தேசிங்கிடம் எழுதி வாங்கிக்கொண்டு, கடுமையாக எச்சரித்து அனுப்பினார்கள். ஜெயில் எல்லாம் ஆலோசகர் வாயோடு சரி. ஒன்பது நாள் மிச்சமிருந்தபோது வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் நேர்விசாரணை. நான் போகத் தேவையில்லை. கடையைப் பூட்டிக்கொண்டு போனேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. ஆனால் ஃபைலைப் பார்த்தாரே தவிர எங்களைப் பார்க்கவில்லை. பொய்ச் சான்றிதழ் வாங்கிய குடும்பத்தை எப்படி நம்புவது என்று கேட்டார். தேசிங்கு எழுந்து, “தப்பு என்னுது சார், எங்க அக்கா ஃபாரின்ல இருந்துச்சு, அதுக்குத் தெரியவே தெரியாது” என்றான். கஸ்தூரி அவனை உட்காரச் சொன்னாள். “எங்ககிட்ட ஒரு தப்பான பேப்பர் இருந்துச்சு சார். அத வச்சு நாங்க ஒண்ணுமே வாங்கல. வாங்கச் சொன்னவரைத் திருப்பி அனுப்பிட்டு, நாங்களே போய் ரத்து பண்ணிட்டு வந்திருக்கோம். இதுக்குமேல உண்மையா இருக்கணும்னா எப்படின்னு நீங்க சொல்லுங்க, இருக்கேன்” என்றாள். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது. பக்கத்து மேஜை ஆள் திரும்பிப் பார்த்தார். காரியம் கெட்டுவிடும் என்று அவள் புடவையைப் பிடித்து இழுக்கப் போனேன். பிறகு எதற்கு இழுக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். நான் வருஷக்கணக்காகக் கவுன்ட்டர்களில் பேச நினைத்துப் பேசாமல் வந்ததை அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

அதிகாரி முதல்முறையாக ஃபைலை மூடினார். நாற்காலியில் முழங்கால் போட்டு ஏறி, மேஜைமேல் இருந்த முத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்த தியாவைப் பார்த்தார். “பாப்பா, நீ எந்த ஊரு?” என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு என்ன சொல்ல வேண்டும் என்று நாங்கள் யாரும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அவள் எண்ணுவதை நிறுத்திவிட்டு, “நீங்க எந்த ஊரு?” என்று கேட்டாள். “திருநெல்வேலி” என்றார் அவர். தியா அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், நிஜமாகவே புரியாமல் அவரிடம் கேட்டாள்.

“அப்ப நீங்க ஏன் இங்க இருக்கீங்க?”

ஐந்து நாள் மிச்சமிருக்கும்போது தங்கும் அனுமதி வந்தது, நாலு மாதம் கழித்து அட்டையும் வந்தது. இந்தத் தொழிலில் நான் பார்த்தவரைக்கும், கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிக் கொடுத்தால் ஃபைல் உள்ளே போகிறது, யாராவது ஒருத்தர் திருப்பிக் கேட்டால்தான் வெளியே வருகிறது.